கீழ்ப்படிவுக்குப் புள்ளி போடுகிறவர்களுக்கு

ஊழியர் ஒருவர் பணியிட நெறிகளைப் பின்பற்றக்கூடியவரா, மீறக்கூடியவரா என்பதை, அவர் எதையும் செய்வதற்கு முன்னரே ஒரு வினாத்தாளைக் கொண்டு அளந்துவிடலாம் என்று நம்புகிற முகாமைத்துவக் கல்வி ஒன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை பிழையானது என்பது என் வாதம். வேறெங்கும் அது பிழையாக மட்டும் இருக்கலாம். வன்னியில் அது நன்றிகெட்ட செயலுமாகும். ஏன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

அண்மையில் கிளிநொச்சியில் வேலை தேடிக்கொண்டிருக்கும் என் உறவுப் பெண் ஒருத்தி இரண்டு பக்கத் தாளொன்றை என்னிடம் கொண்டுவந்தாள். அதைக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. முன்னைய வேலையில் அனுமதித்த நேரத்துக்கு மேல் இடைவேளை எடுத்ததுண்டா, மேற்பார்வையாளரின் அறிவுறுத்தலை அசட்டை செய்ததுண்டா, வேலை நேரத்தில் பகற்கனவில் மூழ்கியதுண்டா, நிறுவனத்தின் உள்விவகாரங்களை வெளியாரிடம் பேசியதுண்டா என்று கேள்விகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'நாள்தோறும்' என்பது வரை ஏழு கட்டங்கள். தாளின் தலைப்பில் பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம்.

"எல்லாத்துக்கும் 'ஒருபோதும் இல்லை' எண்டு போடட்டே, பெரியப்பா?" என்று கேட்டாள்.

"போடு பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்வது? பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு, நீ விதி மீறுகிறவளா என்று கேட்கும் தாளுக்கு உலகில் ஒரேயொரு விடைதான் உண்டு. அந்த விடையைப் பிழையின்றி எழுதுகிறவர் நேர்மையானவர் என்று அத்தாள் முடிவு செய்யும். உண்மையைச் சொல்லி, 'ஆம், சில நாள் பிந்தி வந்திருக்கிறேன்' என்று எழுதுகிற ஏமாளியை அது வாசலிலேயே திருப்பி அனுப்பும். நேர்மையை அளக்க வந்த கருவி முதற் கேள்வியிலேயே நேர்மைக்குத் தண்டனை விதிக்கிறது.

இந்தக் கேள்விகளின் ஊற்றுமூலம் எனக்குப் புதிதாகப்படவில்லை. ரெபேக்கா பெனட், சாண்ட்ரா ரொபின்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் பணியிட நெறிபிறழ்வை அளப்பதற்கென 19 கூற்றுகள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டார்கள். அவற்றுள் 7 சக ஊழியர் மீதான நடத்தை பற்றியவை. 12 நிறுவனத்துக்கு எதிரான நடத்தை பற்றியவை. மேலே சொன்ன தாளிலிருந்த கேள்விகள் அந்த 12இன் உறவினர்களே. ஆய்வாளர்களைக் குறைகூற நான் வரவில்லை. ஓர் ஆய்வில், பெயர் சொல்லத் தேவையில்லாத மனிதர்களிடம், நிறுவனங்களில் என்ன நடக்கிறது என்று அறிவதற்காகக் கேட்கப்படுவது ஒன்று. அதே கேள்வியை ஆட்சேர்ப்பு மேசையில் வைத்து, பசித்த வயிற்றுடன் நிற்கும் ஒருத்தியிடம் பெயருடன் கேட்பது முற்றிலும் வேறு. வெப்பமானியை எடுத்து அதனால் ஒருவரின் குணத்தை அளக்க முனைவதற்கு ஒப்பானது அது.

அமெரிக்கா இந்த வழியில் நமக்கு முன்னரே நடந்து பார்த்த நாடு. அங்கே வேலைக்கு வருவோரைப் பொய்யறியும் இயந்திரத்தில் உட்காரவைக்கும் வழக்கம் பெருகியபோது, 1988இல் சட்டம் இயற்றித் தனியார் நிறுவனங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அதனைத் தடைசெய்தார்கள். இயந்திரம் போன இடத்துக்கு எழுத்துமூல 'நேர்மைச் சோதனைகள்' வந்தன. அமெரிக்கக் காங்கிரசின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1990இல் அவற்றை ஆராய்ந்து, அவை நேர்மையீனத்தை முன்கூட்டியே காட்டும் என்பதை உறுதியாக ஏற்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றது. பின்னர் வந்த ஆய்வுகள் சில ஓரளவு பயன் உண்டு என்றன. பயன் உண்டென்றே வைத்துக்கொள்வோம். யாருக்குப் பயன், எந்த நெறிக்குப் பயன் என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கிறது. அந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் விடை தேடவேண்டியதில்லை. ஏ-9 வீதியால் வவுனியாவைத் தாண்டினால் போதும்.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை நினைத்துப் பாருங்கள். வன்னியில் அப்போது அரச ஊழியர் என்று ஒரு வர்க்கம் இருந்தது. கச்சேரி உத்தியோகத்தர், கிராம சேவையாளர், ஆசிரியர், வைத்தியர், தாதியர். அவர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. அவர்கள் வாழ்ந்ததோ விடுதலைப் புலிகளின் ஆட்சியில். இரு எசமானர், இரு விதித்தொகுதிகள். ஒன்றைப் பின்பற்றினால் மற்றதை மீறியவராவர். பணியிட நெறியைப் பின்பற்றுவது என்றால் என்ன என்பதை இவ்வளவு கொடுமையாகக் கற்ற ஊழியர் கூட்டம் இலங்கையில் வேறில்லை.

முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தின் பொறுப்பான அதிகாரி அந்தப் பெப்ரவரியில் தம் கடமைப்படி ஓர் எண்ணை எழுதினார். எறிகணைகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கும் மக்கள் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் என்பது அந்த எண். அரசாங்கம் அப்போது சொல்லிக்கொண்டிருந்த தொகை ஒரு இலட்சத்துக்கும் குறைவானது. அரிசியும் மருந்தும் எந்தத் தொகைக்கு அனுப்புவது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும் என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். அவருக்குக் கொழும்பிலிருந்து கிடைத்த மறுமொழி, அந்த எண் ஆதாரமற்றது, பிழையான தகவல் கொடுத்தமைக்காக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரிடும் என்ற எச்சரிக்கை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. போர் முடிந்தபோது அந்தப் பிரதேசத்திலிருந்து வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்கள் மட்டுமே 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். எந்த எண் ஆதாரமற்றது என்பதைச் செட்டிகுளம் மெனிக்பாமின் கூடாரங்கள் சொல்லின.

இப்போது அந்த அளவுகோலை எடுத்து அந்த அதிகாரியின் முன்னால் வையுங்கள். மேலிடத்து அறிவுறுத்தலுக்கு இணங்கினாரா? இல்லை. தகவலை உரியவரல்லாதோருக்குக் கொடுத்தாரா? ஆம், அப்படித்தான் கொழும்பு கருதியது. புள்ளியைக் கூட்டிப் பாருங்கள்; நெறிபிறழ்ந்த ஊழியர் ஒருவர் கிடைப்பார். எழுபதாயிரம் என்று எழுதச் சொன்னால் எழுபதாயிரம் என்று எழுதுகிறவருக்கோ முழுப் புள்ளி.

அடுத்து வைத்தியர்கள். துரைராஜா வரதராஜா, தங்கமுத்து சத்தியமூர்த்தி, வீரகத்திப்பிள்ளை சண்முகராஜா ஆகியோரின் பெயர்களை உலகத் தமிழர் மறந்திருக்கமாட்டார்கள். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளானபின் புதுமாத்தளனுக்கும், அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்குமாக, பாடசாலைக் கட்டடங்களில் வைத்தியசாலை நடத்தியவர்கள் அவர்களும் அவர்களுடனிருந்த ஊழியர்களும். மயக்கமருந்து தீர்ந்துபோன நிலையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மருந்து அனுப்புங்கள் என்று சுகாதார அமைச்சுக்கு எழுதினார்கள். எத்தனை பேர் காயம், எத்தனை பேர் சாவு என்பதைத் தொலைபேசி வழியே வெளியுலகச் செய்தியாளர்களுக்குச் சொன்னார்கள். அரச உத்தியோகத்தர் அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் கொடுத்தல் ஆகாது என்பது தாபன விதிக்கோவை. அதன்படி பார்த்தால் நாள்தோறும் நெறி மீறியவர்கள் அவர்கள். ஏழாவது கட்டத்தில் அடையாளமிடப்பட வேண்டியவர்கள்.

போர் முடிந்த நாட்களில் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். 2009 ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் செய்தியாளர் முன் கொண்டுவரப்பட்டு, தாம் சொன்ன எண்ணிக்கைகள் புலிகளின் அழுத்தத்தால் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். ஆகஸ்டில் பிணையில் விடுவிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியாளர் மாநாட்டிற் சொன்னதே அழுத்தத்தின் கீழ் சொல்லப்பட்டது என்று வரதராஜா பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு பகிரங்கமாகக் கூறினார். சத்தியமூர்த்தியோ அதே அரசின் கீழ் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராகவும் கடமையாற்றினார். ஒரே மனிதர், ஓராண்டில் கைதி, பின்னொரு காலத்தில் பணிப்பாளர். இடையில் மாறியது அவருடைய 'நெறிமீறும் போக்கு' அன்று. அதைப் பார்த்தவர்களின் தேவை மாறியது.

ஜூலை 8இன் அந்த மேசையை இன்னொரு முறை எண்ணிப்பார்க்கிறேன். அன்று அந்த வைத்தியர்கள் கீழ்ப்படிந்தார்கள். நிறுவனத்தின் நெறியை அணுவும் பிசகாமல் பின்பற்றினார்கள். கீழ்ப்படிவை அளக்கும் கருவி ஒன்று அன்று அங்கே இருந்திருந்தால் அது அவர்களுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருக்கும். அந்த நூறு எதை அளந்தது? ஒழுக்கத்தையா, அச்சத்தையா?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதிடுவது எனக்குச் சம்மதமில்லை. நெறிபிறழ்வு என்பது நிறுவனத்தின் நலனையோ அதன் உறுப்பினரின் நலனையோ பாதிப்பதாக இருக்கவேண்டும் என்று இத்துறையின் வரைவிலக்கணமே சொல்கிறது. நன்மைக்காக விதியை மீறுவதை 'ஆக்கபூர்வமான நெறிமீறல்' என்று தனியே பிரித்துப் பேசும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே வைத்தியர்களைக் காட்டி எங்களைக் கண்டிக்காதீர்கள் என்பார்கள். சரி. ஆனால் நிறுவனத்தின் நலன் எது என்று தீர்மானிக்கிறவர் யார்? 2009இல் கொழும்பு அமைச்சுகளைக் கேட்டிருந்தால், அந்த எண்கள் வெளியே போனதுதான் நிறுவனத்தின் நலனைப் பாதித்தது என்று தயங்காமல் சொல்லியிருப்பார்கள். ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் நுண்ணிய வேறுபாடுகள் ஆட்சேர்ப்புத் தாளுக்கு வந்துசேர்வதில்லை. அங்கே வந்துசேர்வது ஏழு கட்டங்கள் மட்டுமே. எந்த விதியை, எதற்காக, யாருக்காக மீறினாய் என்று எழுத அந்தத் தாளில் ஒரு வரிகூட இடமில்லை.

இதனால் விதிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். விதி மீறலால் வன்னி மக்கள் படும் துன்பம் எனக்குத் தெரியும். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் உள்ள பின்தங்கிய பாடசாலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் வந்து, முதற் பாடவேளை கழிந்தபின் வகுப்புக்குள் நுழைந்து, கடைசி மணிக்கு முன்னரே தரிப்பிடத்தில் நிற்கும் ஆசிரியர்களைப் பற்றிப் பெற்றோர் காலங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். அலுவலகக் கதிரையில் மேற்சட்டையைத் தொங்கவிட்டுவிட்டு ஆள் காணாமற்போகும் உத்தியோகத்தரை அறியாத கிராமவாசி உண்டா? ஏழையின் நேரத்தைத் திருடும் இந்த மீறலைக் கண்டிக்க நான் தயங்கமாட்டேன்.

ஆனால் இதைக் கண்டுபிடிக்க உளவியல் வினாத்தாள் எதற்கு? வரவுப் பதிவேடு இருக்கிறது. அதிபர் இருக்கிறார். வலயக் கல்விப் பணிப்பாளர் இருக்கிறார். நடந்த செயலைப் பதிவு செய்யுங்கள், விளக்கம் கேளுங்கள், விளக்கம் போதாவிடில் தண்டியுங்கள். அது நிர்வாகம். இன்னும் செய்யாத ஒன்றைச் செய்யக்கூடியவர் என்று கணக்கிட்டுக் கோப்பில் எழுதிவைப்பது நிர்வாகமன்று. அதற்குப் பெயர் சந்தேகம். ஆளைத் தெரிந்து பணியில் அமர்த்துவதைப் பற்றித் திருவள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஒருவரைச் சோதிக்க வேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவருடைய செயலே உரைகல் என்றும் சொல்கிறது. வன்னி ஊழியரை வரலாறு அந்த நான்காவது சோதனையிலேயே நிறுத்திப் பார்த்துவிட்டது. அவர்களுக்கு ஏழு கட்டத் தாளை நீட்டுவதற்கு நமக்கு நாக்கூசவேண்டும்.

'போக்கு' என்ற சொல் வன்னியில் எப்படி ஒலிக்கும் என்பதையும் இந்த முகாமையாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். வவுனியாவில் தங்குவதற்கே பாஸ் வாங்கி வாழ்ந்த தலைமுறை அது. 2009இல் முகாமுக்குள் நுழையும்போதே யார் எவர் என்று வடித்தெடுக்கப்பட்டவர்கள். புனர்வாழ்வு என்ற பெயரில் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் தடுப்பிலிருந்து வந்தார்கள். விடுதலையான பின்னும் வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களுக்குப் பதில் சொன்னார்கள். என்ன செய்தாய் என்பதைவிட என்ன செய்யக்கூடியவன் என்று கேட்கப்படுவது அங்கே புதிதன்று. துப்பாக்கியோடு வந்து கேட்ட அதே கேள்வியை, இப்போது கழுத்துப்பட்டி அணிந்து வந்து கேட்கிறார்கள்.

தொழிற்சங்கப் போராட்டங்களை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: 'சட்டப்படி வேலை'. இந்நாட்டில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யாமலே நிர்வாகத்தை முடக்க எடுக்கும் ஆயுதம் அது. விதி எதையும் மீறமாட்டார்கள். ஒவ்வொரு விதியையும் எழுத்தெழுத்தாகப் பின்பற்றுவார்கள். இரண்டே நாளில் கடமை ஸ்தம்பித்துவிடும். எந்த நிறுவனமும் விதிகளால் மட்டும் ஓடுவதில்லை என்பதற்கும், விதியில் இல்லாததைத் தாமாக முன்வந்து செய்கிற ஊழியரின் நல்லெண்ணத்தாலேயே ஓடுகிறது என்பதற்கும் இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அந்த நல்லெண்ணத்தை அளவுகோல் வளர்ப்பதில்லை. 2025 ஆகஸ்டில் அஞ்சல் ஊழியர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது சர்ச்சையின் நடுவில் இருந்தவற்றுள் ஒன்று விரலடையாள இயந்திரம். அந்தப் போராட்டம் முழுவதும் நியாயமானதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வந்த நேரத்தைப் பதிவதை நான் எதிர்க்கவுமில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் இயந்திரத்தை வைத்தால் அதற்கெதிராகவும் மனிதர் திரள்வார்கள் என்பதே அதில் கிடைக்கும் பாடம்.

இனி எண்ணத்தான் வேண்டுமென்றால், எல்லாரையும் எண்ணுவோம். போருக்குப்பின் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கடைகள், வங்கிகள், நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள், அவர்களிற் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள், அங்கெல்லாம் உழைக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு வெட்டப்படுவது ஆடைத் தொழிலில் எல்லாரும் அறிந்த வழக்கம். தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாளுக்கும் சும்மா நின்ற நாளுக்கும் அந்தக் கணக்கில் வேறுபாடில்லை. ஊழியரின் நெறிக்கு இவ்வளவு நுணுக்கமான கணக்கு வைத்திருப்பவர்களிடம் நாமும் சில கேள்விகளை ஏழு கட்டத்துடன் நீட்டலாம். 1958இன் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் செலுத்தவேண்டிய 12 வீதத்தை உரிய காலத்தில் செலுத்துகிறீர்களா? ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போகிறதா? ஐந்து ஆண்டு நிறைந்தால் பணிக்கொடை கொடுக்கவேண்டுமென்று நான்கரை ஆண்டில் ஆளை நிறுத்தியதுண்டா? மேலதிக நேரத்தைப் பதியாமல் வேலை வாங்கியதுண்டா? தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை ஒதுக்கியதுண்டா? 'ஒருபோதும் இல்லை' முதல் 'நாள்தோறும்' வரை அடையாளமிடுங்கள். நிறுவனத்தின் பெயரையும் பதிவிலக்கத்தையும் மேலே எழுதுங்கள்.

அரசும் அந்த வரிசையில் நிற்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், வெளியிடத்தக்க தகவலை வெளியிட்ட உத்தியோகத்தரைத் தண்டிக்கலாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படிச் சொன்ன அதே அரசு 2022 செப்டெம்பரில், சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடும் அரச ஊழியர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை என்று சுற்றுநிருபம் விடுத்தது. ஒரு கையால் கதவைத் திறந்து மறுகையால் பூட்டும் இந்த நிர்வாகத்துக்கு முன்னால் நெறியைப் பின்பற்றும் ஊழியர் எந்தக் கையைப் பின்பற்றுவார்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. வேலைக்கு வருகிறவரிடம் போக்கைக் கேட்காதீர்கள். முன்னைய வேலையில் என்ன செய்தார் என்று விசாரியுங்கள், வந்தபின் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆய்வுக்கான வினாத்தாளென்றால் பெயரைக் கேட்காதீர்கள். விதிக்கு இணங்கச் சொல்வதற்கு முன் அந்த விதியைத் தமிழில் எழுதி ஊழியரின் கையில் கொடுங்கள். அதன் மேல் கேள்வி கேட்கும் உரிமையையும் கொடுங்கள். இல்லை என்று சொன்ன ஊழியரை நெறிபிறழ்ந்தவர் பட்டியலில் எழுதுவதற்கு முன்னர், அவர் எதற்கு இல்லை என்றார் என்பதை ஒருமுறை வாசியுங்கள்.

3 இலட்சத்து 30 ஆயிரம் என்று எழுதிய கையை ஒழுக்காற்று விசாரணைக்கு அழைக்கப்போவதாக மிரட்டிய நிர்வாகம் இது. அந்த எண் உரிய காலத்தில் நம்பப்பட்டிருந்தால் எவ்வளவு அரிசி போயிருக்கும், எவ்வளவு மருந்து போயிருக்கும், எத்தனை பிள்ளைகள் இன்று முப்பது வயதைத் தொட்டிருப்பார்கள் என்பதை அளக்கும் கோல் ஏதாவது உங்களிடம் இருந்தால், அதை முதலில் வன்னிக்குக் கொண்டுவாருங்கள்.